சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர்

பதினொரு வருடமாக நான் தண்ணீர் மீட்டர் பார்க்கிறேன். வீடு வீடாகப் போய், வாசலோரம் தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து, கையிலிருக்கும் மெஷினில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது என் வேலை. கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. எனக்கோ இது பெரிய வித்தை. மற்றவர்கள் குனிவார்கள், நிமிர்வார்கள், நின்று நிதானமாக எண்ணைத் தட்டுவார்கள், அப்புறம்தான் நகர்வார்கள். நான் எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டே தட்டுவேன். அந்த நடையிலேயே மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குக் கையை ஆட்டுவேன், தேங்கிய தண்ணீரைத் தாண்டுவேன், நாயை முறைப்பேன், போனில் மனைவி சொல்லும் சாமான் பட்டியலுக்கு ‘சரி, சரி’ என்பேன். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது வீடு. ஆபீஸில் எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். அந்தப் பெயரை எனக்கு வைத்தவன் நான்தான்.

புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கு வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார் சூப்பர்வைசர். நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். “கண்ணுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. காலைப் பத்தி கவலையே படாதீங்க. அது பாட்டுக்கு நடக்கும்” என்றேன். அதை ஒருத்தர் நோட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டார். இன்றுவரை அவரைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பேசி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பச்சை கேட் போட்ட ஒரு வீட்டு வாசலில் மூடியைத் தூக்கிக் குனிந்தேன். மீட்டரில் இருந்த எண்கள் பக்கவாட்டில் ஓடின. கண்ணைக் கசக்கினேன். எண்களோடு சேர்ந்து மீட்டர், மீட்டரோடு சேர்ந்து வாசல், வாசலோடு சேர்ந்து தெரு எல்லாம் வலது பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. அடுத்த நொடி தரையில் குப்புறக் கிடந்தேன். கிடந்ததோடு நிற்கவில்லை. பூமியிலிருந்து கீழே விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு கையாலும் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். தரையில் படுத்திருப்பவன் அதற்கும் கீழே எங்கே விழ முடியும் என்ற கேள்வி அப்போது எழவில்லை.

மாடியிலிருந்து அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“யாருப்பா அது?”

“தண்ணி...” என்றேன். ‘தண்ணி மீட்டர்’ என்று முழுதாகச் சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“அதான் தெரியுதே. காலங்காத்தாலயே போட்டாச்சா?”

மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். வாய்க்குள்ளிருந்து மறுப்பு வரவில்லை, காலைச் சாப்பாடு வந்தது. அது அவருடைய பூந்தொட்டியில் விழுந்தது. அதற்கு மேல் என் தரப்பில் சொல்ல எதுவும் மிச்சமில்லை. நல்ல வேளை, அந்த அம்மா திட்டிக்கொண்டே இறங்கி வந்து, என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து ஆபீஸுக்குப் போன் செய்தார். ‘உங்க ஆள் ஒருத்தர் என் புல்லைப் பிடுங்கிட்டு இருக்கார்’ என்று சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் வெகுநேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளக்கினார்.

“காது கேக்கறதுக்கு மட்டும் இல்லைங்க. நாம நேரா இருக்கோமா, சாஞ்சு இருக்கோமான்னு மூளைக்குச் சொல்ற நரம்பும் உள்ளேதான் இருக்கு. உங்களுக்கு வலது பக்கம் அது வீங்கியிருக்கு. ஒரு காது ‘சுத்துறோம்’னு சொல்லுது. இன்னொண்ணு ‘சும்மாதான் இருக்கோம்’னு சொல்லுது. மூளை யாரைத்தான் நம்பும்?”

“சரியாயிடுமா டாக்டர்?”

“ஆயிடும். ஆனா படுத்துக் கிடந்தா ஆகாது. தலைசுத்தல் கொஞ்சம் குறைஞ்சதும் எழுந்து நடக்கணும். தடுமாறித் தடுமாறி நடந்தாத்தான் மூளை மறுபடி கத்துக்கும். ரெண்டு ரெண்டரை மாசம் வேலைக்குப் போக வேண்டாம்.”

நாற்பத்தொரு வயதில் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்போது வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி நடை பழகிக்கொண்டிருந்தாள். என் மகள். பதினொரு மாதம். காலண்டரில் பார்த்து வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவள் ‘வாண்டு’. சோபா விளிம்பைப் பிடித்து நின்று, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, சோபா முடிந்த இடத்தில் சுவரைப் பிடித்து, சுவர் முடிந்த இடத்தில் பொத்தென்று உட்காருவாள். என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து அந்த மாதம்தான் திரும்பப் போயிருந்தாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு அழைத்துப்போய் அழைத்து வருவது என் பொறுப்பாக இருந்தது. எழுந்து நிற்கவே முடியாதவன் எங்கே அழைத்துப்போவது? மனைவி என் அக்காவுக்குப் போன் செய்தாள். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. காதில் கேட்கும் பாகம் பழுதாகவில்லை.

“அண்ணி, கொஞ்ச நாள் வந்து ரெண்டு பேரைப் பாத்துக்கணும். ஒண்ணு தவழுது, ஒண்ணு தள்ளாடுது.”

அக்கா வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவள். மறுநாளே தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் மூலையில் போட்டுவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் சோபா, சமையலறை வாசல், நடுவிலிருக்கும் ஒடுக்கமான நடை எல்லாம் தெரியும். நடக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இடத்துக்கு நடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த வாரம்தான் புரிந்தது.

அந்த நடையில் இடது பக்கம் குளிர்சாதனப் பெட்டியும் செருப்பு அலமாரியும் இருந்தன. பிடித்துக்கொண்டு போக வலது பக்கச் சுவர் ஒன்றுதான். மூன்றாம் நாள் நான் கழிவறைக்குப் போக அந்தச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டவைத்துக்கொண்டு ஓர் ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சுவரைப் பிடித்துக்கொண்டு வாண்டு வந்தாள். நடுவில் சந்தித்தோம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யாராவது ஒருவர் கையை எடுத்து வழிவிட வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்கு விருப்பம் இல்லை.

“ஏய், நகரு” என்றேன்.

அவள் கீழுதட்டைப் பிதுக்கினாள். பிறகு அலறினாள். அவள் அலறல் என் காதில் ஏறியதும் நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நானும் அலறினேன். “அக்கா!”

தையல் மெஷின் நின்றது. அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள். வந்து தூக்குவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரித்து முடிக்கவே நேரம் போதவில்லை. அதற்குள் வாண்டு உட்கார்ந்து, என் இரண்டு காலுக்கும் நடுவே தவழ்ந்து அந்தப் பக்கம் போய், மறுபடி சுவரைப் பிடித்து எழுந்து போய்விட்டாள். எனக்குத் தவழத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சரியான நேரத்துக்குக் கழிவறைக்குப் போயிருக்கலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து, வாரம் இருமுறை மனைவி என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப்போனாள். முப்பது வயதுகூட இருக்காத பெண். இனிமையாகச் சிரிப்பார், இரக்கமே காட்டமாட்டார். நான் அவருக்கு ‘நடை டீச்சர்’ என்று பெயர் வைத்தேன். டீச்சர் நிறைய வீட்டுப்பாடம் கொடுத்தார். சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஒரு குதிகாலை இன்னொரு கட்டைவிரலோடு ஒட்டிவைத்து, கோட்டில் நடக்க வேண்டும். நடக்கும்போது காலைப் பார்க்கக் கூடாது, போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் என் காலைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

மீட்டர் பார்த்துப் பழகியவன் கை சும்மா இருக்காது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, யார் எத்தனை முறை விழுந்தோம் என்று குறிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் வாண்டு இருபத்திமூன்று முறை விழுந்திருந்தாள். நான் இரண்டே முறை. மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தத் தாளை அக்காவிடம் காட்டினேன்.

அக்கா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். “அவ எத்தனை தடவை எழுந்தா, நீ எத்தனை தடவை எழுந்தே? அதையும் பக்கத்துல எழுதேன்.”

எழுதிப் பார்த்தேன். வாண்டு இருபத்திமூன்று முறை விழுந்து இருபத்திமூன்று முறையும் எழுந்திருந்தாள். இடையில் நின்ற இடத்தில் சும்மா நின்றதே இல்லை. நான் அந்த ஒரு மணி நேரத்தில் மொத்தமாக நாற்காலியை விட்டு எழுந்ததே மூன்று முறைதான். அதில் ஒன்று, டிவி ரிமோட்டை எடுக்க. காலண்டர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்து நடையில் போய் நின்றேன். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு முறை விழப்பார்த்தேன், ஐந்து முறை விழுந்தேன். அக்கா ஒவ்வொன்றையும் ஓரக்கண்ணால் பார்த்தாள், ஒன்றுக்கும் எழுந்து வரவில்லை.

வாண்டுக்கு ஒரு வயது முடிந்த நாலாம் நாள் அது நடந்தது. மத்தியானம். மனைவி கடையில் இருந்தாள். அக்கா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் சாய்ந்து தலையாட்டும் பாடத்தைச் செய்துகொண்டிருந்தேன். வாண்டு சோபாவின் மறுமுனையில் நின்றவள், அக்காவின் காலடியில் கிடந்த துணிச் சுருள் ஒன்றைப் பார்த்தாள். அவள் கை சோபாவை விட்டது. கால்களை அகலமாக வைத்து, போலீஸிடம் சரணடைபவள் மாதிரி இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி, ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. முகத்தில் அப்படி ஒரு தீவிரம். மூச்சைக்கூட எண்ணி விடுபவள் போல இருந்தாள். மூன்று. நாலு.

என்னால் பொறுக்க முடியவில்லை. “வாண்டூ!” என்று கத்திவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். திரும்பியது தலை மட்டும்தான். கால் எங்கே இருக்கிறது என்பது அந்த நொடியில் அவளுக்கு மறந்துபோனது. அப்படியே முன்பக்கமாக விழுந்தாள். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில் உதடு பட்டு ரத்தம் வந்தது.

ஓடிப்போய்த் தூக்க வேண்டியவன் நான். எழுந்தேன், சுவர் சுற்றியது, உட்கார்ந்தேன். அக்காதான் பாய்ந்து தூக்கினாள். வாண்டு அழுத அழுகையில் ஒரு பால்பல்லும் ஆடவில்லை என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஆனது என்று எனக்குத்தான் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் மனைவி வந்தாள். வீங்கிய உதட்டைப் பார்த்தாள். நானே சொன்னேன்.

“நாலு அடி நடந்தா. அஞ்சாவது வெக்கறதுக்குள்ள நான் கத்திட்டேன்.”

அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உதட்டை மெல்லத் துடைத்துவிட்டாள். பிறகு, “நாலு அடியா?” என்றாள்.

“நாலு.”

“நான் பாக்கலியே” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று இரவு நான் எந்தச் சாக்கும் சொல்லாமல் எல்லாப் பாடத்தையும் இரண்டு முறை செய்தேன். அதனால் வாண்டின் உதடு ஆறாது என்று தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமும் மனைவிதான் என்னை நடை டீச்சரிடம் அழைத்துப்போனாள். விழுந்த கதையைக் கேட்டுவிட்டு டீச்சர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

“புதுசா நடக்கற குழந்தைக்கு இருக்கற கவனம் மொத்தமும் காலுக்கே செலவாயிடும் சார். அந்த நேரத்துல கூப்பிட்டா, கேக்கறதுக்குக் கவனம் எங்கேருந்து வரும்? காலுக்குக் கொடுத்ததைத்தான் எடுக்கணும். எடுத்தா விழும். நடந்து நடந்து பழகி, காலுக்குக் கொஞ்சம் போதும்னு ஆனப்புறம்தான் மீதி மத்ததுக்கு. அதுக்கே வருஷக்கணக்கா ஆகும்.” கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். “உங்களுக்கும் இப்ப அதே நிலைமைதான்.”

“எனக்கா? நான் பதினொரு வருஷமா நடந்துகிட்டே மெஷின்ல...”

“அது அப்போ. எழுந்திருங்க. இந்த வராந்தாவுல அந்தக் கோடி வரைக்கும் நடங்க.”

நடந்தேன். கொஞ்சம் தள்ளாட்டம்தான், ஆனால் சுவரைத் தொடவில்லை. உள்ளுக்குள் பெருமிதம் கிளம்பியது. பாதி வழியில் டீச்சர் பின்னாலிருந்து கேட்டார்: “சார், உங்க மனைவி பிறந்த நாள் என்னைக்கு?”

நின்றுவிட்டேன்.

“ஏன் நின்னுட்டீங்க?”

“யோசிக்கறேன்.”

“நடந்துகிட்டே யோசிங்க.”

நடந்தேன். யோசித்தேன். யோசித்ததில் வராந்தா வலப்பக்கம் வளைந்தது. எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அவசரத்தில் வாயில் வந்த ஒரு தேதியைச் சொல்லிவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, “அது யாரோட பிறந்த நாள்?” என்றாள்.

அந்தக் கேள்வி இன்றுவரை தொடர்கிறது. அது யாருடைய பிறந்த நாளும் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். காது நரம்பு காரணம் என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். டீச்சர் மட்டும் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, “இன்னும் ஆறு வாரம்” என்றார்.

அடுத்த ஆறு வாரத்தில் நான் வாண்டிடம் தோற்றுப்போனேன். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. உதடு ஆறிய மறுநாளே அவள் மறுபடி சோபாவை விட்டாள். நாலு அடி எட்டாகி, எட்டு கூடத்தின் முழு நீளமாகியது. தூக்கியிருந்த கைகள் நாளுக்கு நாள் இறங்கின. முதலில் காதருகே, பிறகு மார்பு வரை, அப்புறம் இடுப்புப் பக்கம். அகன்றிருந்த கால்கள் நெருங்கின. கை இறங்கி வேலையில்லாமல் போனதும் அதில் ஏதாவது பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பாத்திர மூடி, என் செருப்பு, அக்காவின் அளவு நாடா. அவள் ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடையில் என்னைத் தாண்டிப் போனபோது நான் சுவரில் ஒற்றை விரல் வைத்து நடந்துகொண்டிருந்தேன். போகிற போக்கில் என் முட்டியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் ஒருமுறைகூடத் தன் காலைப் பார்க்கவில்லை என்று ஒரு நாள் கவனித்தேன். செருப்பு வேண்டுமென்றால் செருப்பைத்தான் பார்ப்பாள். கால் எப்படியோ அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. டீச்சர் ஒரு மாதமாகச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. குழந்தையைப் பார்த்து ஞானம் பெற்றேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நான் பெற்றது பொறாமைதான். ‘இவளால் முடியும்போது எனக்கென்ன’ என்று, சமையலறைக் கதவில் தொங்கிய துண்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன். துண்டு வரைக்கும் நேராகப் போய்ச் சேர்ந்தேன்.

எட்டாவது வாரம் தெருவுக்குப் போனோம். அக்கா முன்னால். நானும் வாண்டும் பின்னால். அவள் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். சரியாகச் சொன்னால், நான் என் சுண்டுவிரலை அவளிடம் கொடுத்துவைத்திருந்தேன். வீட்டுத் தரை வேறு, தெருவின் நடைபாதை வேறு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி, ஒரு மரத்தின் வேர் தூக்கிவிட்ட மேடு, சரிவு. ஒவ்வொரு இடத்திலும் வாண்டு நின்றாள், பார்த்தாள், பாதத்தால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். எதிரே ஒரு சைக்கிள் மணி அடித்தால் நின்று அதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி. எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. எனக்கும் அப்போது நடந்துகொண்டே சைக்கிளைப் பார்க்க முடியாது. நடைபாதை முடிந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் அவள் திரும்பி உட்கார்ந்து பின்பக்கமாக இறங்கினாள். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மின்கம்பத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினேன்.

எதிர்வீட்டுப் பேங்க்காரர் கேட் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர். “பரவாயில்லையே தம்பி! அவசரப்படுத்தாம எவ்வளவு பொறுமையா நடை பழக்கறீங்க. இந்தக் காலத்து அப்பாக்களுக்கு இந்தப் பொறுமை எங்கே இருக்கு?”

“ஏதோ, நம்மளால ஆனது” என்றேன்.

முன்னால் போன அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அவளுக்குத் தலைசுற்றலோ என்று பேங்க்காரர் பதறிவிட்டார்.

பதினோராவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். டாக்டர் சரி என்றார், டீச்சர் சரி என்றார். “கொஞ்ச நாள் நின்னு நின்னு வேலை பாருங்க சார்” என்று மட்டும் டீச்சர் சொன்னார். அது மற்றவர்களுக்கான அறிவுரை என்று எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வீடு நின்று தட்டினேன். மூன்றாவது வீட்டில் பழைய எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. எண்ணை வாங்கிக்கொண்டு, நடந்துகொண்டே தட்டினேன். ஒரு டியூஷன் வீட்டு வாசலில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள். முதல் சைக்கிளில் நான் சாய்ந்தேன். அது இரண்டாவதில் சாய்ந்தது. இரண்டாவது மூன்றாவதில். கடைசிச் சைக்கிள் விழும் வரை நான் மரியாதையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டியூஷன் மாஸ்டர் வெளியே வந்தார். அவரோடு பன்னிரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். எல்லாச் சைக்கிளையும் நானே நிமிர்த்தி வைத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து நின்றுதான் தட்டுகிறேன். குனிவேன், பார்ப்பேன், நிமிர்வேன், சுற்றல் அடங்கும் வரை ஒரு மூச்சு விடுவேன், எண்ணைத் தட்டுவேன், மெஷினைப் பையில் போட்டுவிட்டு நடப்பேன். நூற்று நாற்பது வீடு தொண்ணூறாகியது. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். என் வீடுகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று, காது, நரம்பு, மூளை என்று ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன்.

அவர் ஒரு ஃபைலைத் திறந்தார். “இந்த மாசம் உங்க ஏரியாவுல தப்பு ரீடிங்னு ஒரு புகார்கூட வரலை.”

“நன்றி சார்.”

“வழக்கமா இருபது முப்பது வரும்.”

எனக்குப் புரியவில்லை. அவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். மூன்றுக்குப் பதில் எட்டு, ஒன்றுக்குப் பதில் ஏழு, ஒரு வீட்டு எண் பக்கத்து வீட்டுக் கணக்கில். வருடக்கணக்காக, பக்கம் பக்கமாக. எல்லாம் எக்ஸ்பிரஸ் நடந்துகொண்டே தட்டியவை.

“ஏன் சார் ஒரு நாள்கூடச் சொல்லலை?”

“சொல்லலாம்னுதான் பாத்தேன். ரீடிங் எடுக்க நீங்க, அதைத் திருத்தறதுக்கு ஒரு ஆளுன்னு போட்டுச் சமாளிச்சோம். நீங்க வேற ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க” என்றார். “அதான் புதுசா சேர்ந்தவங்ககிட்ட உங்களைப் பேசச் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களுக்கு அரை மணி நேரம் நான் தனியா பேசினேன்.”

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றவில்லை. சுற்றியிருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

வாண்டுக்கு இப்போது ஆறு வயது நெருங்குகிறது. ஓடுகிறாள், குதிக்கிறாள், ஒற்றைக் காலில் நொண்டுகிறாள். ஆனால் பள்ளிக்கு நடந்து போகும் வழியில் ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டியிருந்தால் நின்றுவிடுவாள். திமிங்கலம் பெரியதா பஸ் பெரியதா என்பது மாதிரி விஷயமென்றால் புத்தகப் பையையும் கீழே வைத்துவிடுவாள். மனைவிக்குக் கடை திறக்கும் அவசரம். “நடந்துகிட்டே பேசுடி” என்பாள். நடந்துகொண்டே பேசினால் தடுக்கிக்கொள்வாள். இந்த வயதில் அப்படித்தான், பத்து வயதுக்கு மேல் தானாகச் சீராகும் என்று நடை டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சீராகும் வயதை அவர் சொல்லவில்லை. காலையில் நான் அழைத்துப்போகும் நாட்களில் நாங்கள் இருவரும் நின்று பேசிவிட்டு, பேசாமல் நடப்போம். பள்ளிக்குப் போய்ச் சேர வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும் நேரமாகிவிடும்.

போன மாதம் அவள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்தது. பெற்றோருக்கும் ஓர் ஓட்டம் வைத்திருந்தார்கள். கரண்டியில் உருளைக்கிழங்கை வைத்து, கீழே விழாமல் கோடு வரை கொண்டுபோக வேண்டும். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் கேட்கவில்லை. விசில் ஊதியதும் கிளம்பினேன். மூன்றாவது அடியில் உருளைக்கிழங்கு விழுந்தது. குனிந்து எடுத்தேன். குனிந்தால் எனக்கு என்ன ஆகும் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிட்டேன். நிமிர்ந்து, வெகு வேகமாக, எல்லோரும் போன திசைக்கு நேர் குறுக்கே நடந்துபோய் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்த மேஜையருகில் நின்றேன். அவர் உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அடுத்தது ஒன்றாம் வகுப்புப் பெண்களின் ஓட்டம். ஆறு பேர். வாண்டு கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மிஸ்ஸையே பார்த்தபடி நடந்தாள். கரண்டி ஆடவில்லை. பாதி தூரம் வரை அவள்தான் முதல். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். திடீரென்று வாண்டு நின்றாள். பக்கத்து வரிசையில் வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். மற்ற நாலு பேரும் தாண்டிப் போனார்கள். வாண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நிதானமாக நடந்துபோய்க் கோட்டைத் தொட்டாள்.

“என்னடி சொன்னே அவகிட்ட?” என்று மனைவி கேட்டாள்.

“லேஸ் அவுந்திருக்குன்னு. மிதிச்சா விழுந்துடுவா இல்ல?”

“நடந்துகிட்டே சொல்லியிருக்கலாம்ல?”

வாண்டு அவளை விநோதமாகப் பார்த்தாள். “உருளைக்கிழங்கு விழுந்துடும்மா” என்றாள்.

ஆறு பேரில் ஐந்தாவது இடம். ஆறாவது பெண் மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து இன்னும் லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.